பேபி தேன்மலர்

வாங்க தம்பி, வாங்க. செருப்பு அங்கேயே கிடக்கட்டும், ஒண்ணும் ஆகாது. அந்தச் சேர் வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். இதுல உக்காருங்க. மொதல்ல உக்காந்து மூச்சு வாங்குங்க, மெட்ராஸ்ல இருந்து அருப்புக்கோட்டைக்கு என்ன கொஞ்ச தூரமா? ஆமா, குருபாதம் நான்தான். குருபாதம் ஆடியோஸ் ஓனர். போர்டைக் கழட்டிப் பல வருசம் ஆச்சு. இருந்தாலும் பஸ் ஸ்டாண்டுல கேட்டிருப்பீங்களே, கேசட்டுக்கடை குருபாதம்னா இன்னைக்கும் வழி சொல்லுவாய்ங்க.

ஏய் செல்லக்கனி! காப்பி! ரெண்டு! தம்பிக்குச் சீனி தூக்கலா!

வீட்டுல பின்கட்டுல பாத்திரம் விளக்கிக்கிட்டு இருக்கா. வந்துரும் காப்பி. அவளுக்கு எதையும் ஒரு தடவை சொன்னாப் போதும்.

போன்ல நீங்க சொன்னப்ப எனக்குச் சிரிப்பு அடங்கலை தம்பி. கேசட்டு திரும்பி வந்துருச்சா? எங்க போச்சு திரும்பி வர? நான் மூட்டை மூட்டையாப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிப் போட்டேன். நாடாவை எல்லாம் உருவி எறிஞ்சுட்டு டப்பாவை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனான். அந்தப் பக்கம் கருவேல முள்ளு பூராவும் நாடா சுத்திக் கிடந்துச்சு, காத்தடிச்சா மினுமினுன்னு ஆடும். இப்ப என்னடான்னா பெங்களூர்ல ஒரு புள்ளை புதுசாப் பாட்டுப் போட்டு அதைக் கேசட்டுலதான் விக்குதுங்கிறீங்க. போன்ல சும்மாக் கிடைக்கிற பாட்டை டப்பாவுல அடைச்சு விக்கிறீங்க, அதையும் வாங்க ஆள் இருக்கு. உலகம் எப்படிப் போயிருச்சு பாருங்க.

அதுலயும் அந்தக் 'கொர்ர்'ருங்கிற சத்தம்தான் பிடிக்குதுன்னீங்களே, அப்ப நான் போனை வச்சுட்டு நடுவீட்டுல நின்னு சிரிச்சேன். அந்தச் சத்தத்தைப் போக்குறதுக்கு நாங்க தலைகீழா நின்னோம் தம்பி. ஒரு மனுசனோட வாழ்க்கையே அதுல போச்சு. நீங்க அதைக் கேட்டு உருகுறீங்க. சரி, அவனவன் ருசி.

எங்க, கொண்டு வந்திருக்கீங்களா? குடுங்க பாப்போம்.

அட அட அட! 'மழலை கேட்ட மாரி'! அட்டை கூடக் கிழியாம இருக்கே! எந்தப் பழைய சாமான் கடையில கிடைச்சுச்சு? பாருங்க தம்பி, இந்த எழுத்து நான் நின்னு சொல்லிச் சொல்லிப் போட வச்சது. ரெட்டைச் சடை, நெத்தி நிறைய குங்குமம், கையில வேப்பிலை, சிரிப்பைப் பாருங்க. 'தெய்வக் குழந்தை பேபி தேன்மலர்'. தேன்மலர்ங்கிற பேரு நான் வச்சது. இந்தக் கேசட்டு ஓடுன ஓட்டம் உங்களுக்குத் தெரியாது. ஆடி மாசம் சாத்தூர்ல இருந்து பரமக்குடி வரைக்கும் இது பாடாத கொட்டகை கிடையாது. இதையே மறுபடி கேசட்டாப் போடப் போறீங்கன்னா பேஷாப் போடுங்க. நான் வேண்டாம்பேனா?

காசு வேண்டாம். சத்தியமா வேண்டாம் தம்பி. எனக்குப் பேருதான் வேணும். அப்பப் பேரெல்லாம் குழந்தைக்குப் போயிருச்சு. என் பேரு இந்தா, இந்த ஓரத்துல எறும்பு மாதிரி கிடக்கு, 'தயாரிப்பு'ன்னு. இந்தத் தடவை அட்டையில என் படம் வரணும், என் பேரு பெருசா வரணும். அது ஒண்ணுதான் நம்ம கண்டிசன்.

இந்தா, காப்பி வந்துருச்சு. எடுத்துக்கங்க. ஸ்டூல்ல வச்சுட்டுப் போடி.

ம், என்ன கேட்டீங்க? பாடுனது யாரா? என்ன தம்பி, இப்பத்தானே படிச்சீங்க, பேபி தேன்மலர். என் தங்கச்சி மகதான், ரேணுகான்னு பேரு. இப்பத் திருப்பூர்ல இருக்கு, ரெண்டு புள்ளைகளுக்குத் தாய்.

பொம்பளைக் குரலா? பெரிய பொம்பளைக் குரலா கேக்குது? உங்க மிசின்லயா? எங்க, அந்த மிசினைக் காட்டுங்க. கழட்டலாமா? ஒண்ணும் உடைச்சிர மாட்டேன், இந்த மாதிரி மிசின் வயித்துக்குள்ள நான் கை விடாத வருசமே கிடையாது.

அடப்பாவி! அடப்பாவி மக்கா!

இல்லை தம்பி, உங்களை இல்லை. இந்த ரப்பர் பெல்ட்டைச் சொன்னேன். தொய்ஞ்சு தொங்குது பாருங்க. பெல்ட்டு தொய்ஞ்சா சக்கரம் பைய, மெதுவாத்தான் சுத்தும். பையச் சுத்துனாக் குரல் கீழ இறங்கிரும். நான் உசுரைக் குடுத்துப் பூட்டி வச்ச பூட்டை ஒரு ஓட்டை ரப்பர் வளையம் திறந்து விட்டுருச்சே! எனக்குச் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியலை.

சரி. மறைச்சு என்ன ஆகப் போகுது? அப்பக் காசு குடுத்துக் குழந்தையைப் பாடக் கூப்பிட்ட கோயில் கமிட்டிக்காரங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாய்ங்க. ரேணுகாகிட்டக் கேட்டா "அதெல்லாம் எதுக்கு மாமா"ன்னு போனை வச்சுரும். இனி இதுல பெருமைதானே ஒழிய பயம் எதுக்கு? நானே சொல்றேன். பேப்பர்ல, நெட்டுல எல்லாம் எழுதுங்க. இப்படி ஒரு வேலை அந்தக் காலத்துல அருப்புக்கோட்டையில ஒருத்தன் செஞ்சிருக்கான்னு எழுதுங்க.

மதுரையில ஒரு ஏவாரி சொன்னான், "அண்ணாச்சி, அம்மன் பாட்டு ஆயிரம் பொம்பளைக பாடியாச்சு. குழந்தைக் குரல் கொண்டாங்க, அள்ளிட்டுப் போயிரும்." நமக்கு யாரு இருக்கா? தங்கச்சி மக ரேணுகாவைக் கூட்டியாந்து நிறுத்துனேன். குயில்னு நெனச்சு நிறுத்துனா அது கோட்டான். முகம் மட்டும் லட்சணம், வாயைத் திறந்தா அம்மனே ஓடிருவா. அப்ப என் சம்சாரம், இப்பக் காப்பி வச்சாளே, அவ அடுப்படியில எதையோ முணுமுணுன்னு பாடிக்கிட்டு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. செல்லக்கனிக்கு நல்ல தொண்டை. நான் அவளைப் பாத்ததே ஒரு கோயில் கொடையில மைக்செட்டு கட்டப் போன இடத்துலதான். "நீ என் மகளைக் கட்டலை, அவ தொண்டையைத்தான் கட்டிக்கிட்ட"ன்னு என் மாமியா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தா. சொல்லிட்டுப் போகட்டுமே. தொண்டையாவது இருந்துச்சுல்ல.

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. பாட்டுப் பதியுற மிசின்ல மோட்டாருக்குப் பின்னாடி ஒரு பொட்டு ஓட்டை இருக்கும் தம்பி, அதுக்குள்ள சின்னதா ஒரு திருகாணி. அதைத் திருகுனா வேகம் கூடும், குறையும். பதியுறப்பப் பைய ஓட விட்டுப் பதியணும். அப்புறம் சரியான வேகத்துல ஓட விட்டா? குரல் மேல ஏறிரும். மூணு கட்டை ஏறிருச்சு தம்பி! இருபத்தஞ்சு வயசுப் பொம்பளை குரல் ஏழு வயசுக் குழந்தை குரலா வருது! எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? ஒருத்தரும் இல்லை. இது என் மூளை.

ஆனா ஒண்ணு, பாடுறவ பையப் பாடணும். வேகமா ஓட விடுறப்பத் தாளம் சரியா நிக்கணும்ல? வாத்தியத்தைப் பைய வாசிக்கச் சொல்லி மதுரையிலயே பதிஞ்சுக்கிட்டேன். வாசிச்சவனுக்கு எதுக்குன்னே தெரியாது. இவதான் கஷ்டப்பட்டா. சாதாரணமா ஒரு மூச்சுல பாடுறதை இழுத்து இழுத்து, விடாமப் பாடணும். "மூச்சு நிக்க மாட்டேங்குதுங்க"ம்பா. "நிக்க வையி"ம்பேன். நின்னுச்சு. நம்ம பழக்குனாப் பழகிருவாங்க.

என்ன, அந்த இடமா? எட்டாவது பாட்டுல ஒரு சத்தம் வருதே, அதுவா?

நெனச்சேன். கேப்பீங்கன்னு நெனச்சேன். உங்க கூட்டாளிக எல்லாம் அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட விட்டுக் கேக்குறீங்களா? அதையே புதுக் கேசட்டுக்கு ஆரம்பமா வைக்கலாம்னு இருக்கீங்களா? வையுங்க, வையுங்க. அந்தக் காலத்துலயும் அதுதான் தம்பி எல்லாருக்கும் பிடிச்சுச்சு. ஆளுக்கு ஆளு அந்தச் சிணுங்கலைத்தான் கேப்பாய்ங்க. இருங்க, அது எப்படி விழுந்துச்சுன்னு சொல்றேன், அதுதான் கதையே.

ஆடிக்குக் கடைக்கு வந்தாகணும். அப்ப அக்கினி நட்சத்திரத்துல பதிஞ்சாத்தான் முடியும். கடைக்குப் பின்னாடி சாமான் ரூம்பு, அதுதான் ஸ்டுடியோ. சுவரு பூரா பழைய மெத்தையும் சாக்கும் அடிச்சு விட்டிருந்தேன், வெளிச் சத்தம் வராம. ஃபேன் போட முடியாது, ஃபேன் சத்தம் விழுந்துரும். கதவைச் சாத்துனா அவிச்ச இட்டலிச் சட்டிதான். நான் வேர்வையைத் துடைச்சுத் துடைச்சுத் துண்டே நனைஞ்சு போச்சு. ரொம்பக் கஷ்டப்பட்டுட்டேன் தம்பி அன்னைக்கு.

அவளுக்கு அப்ப அஞ்சாம் மாசம்.

அதனால என்ன? பொம்பளைக அஞ்சாம் மாசத்துல நாத்து நடலையா, செங்கல் சுமக்கலையா? பாட்டுப் பாடுறதுல என்ன வந்துச்சு? மூணாவது பாட்டு முடிஞ்சதும் "கொஞ்சம் உக்காந்துக்கிறட்டுமாங்க"ன்னா. உக்காந்து பாடுனா அடிவயித்து மூச்சு வராது, குரல் மடங்கிரும், இது பாட்டுக்காரங்க எல்லாருக்கும் தெரியும். "முடிச்சுட்டு மொத்தமா உக்காரு"ன்னேன். ஆறாவது பாட்டுல மறுபடியும் கேட்டா. "ஒரே ஒரு நிமிசம் உக்காந்துட்டு எந்திரிச்சுர்றேங்க." நான் கோவப்படலை. பொறுமையாச் சொன்னேன், "உக்காந்து எந்திரிச்சா ரெண்டு பாட்டுக்கும் குரல் வித்தியாசம் காட்டிக் குடுத்துரும் தாயி, அம்மன் பாட்டு, நின்னுக்கிட்டுப் பாடுறதுதான் மரியாதை"ன்னு. அப்புறம் அவ கேக்கலை. எட்டாவது பாட்டுல கேக்கவே இல்லை. ஒழுங்காத்தான் நின்னு பாடுனா.

எட்டாவது பாட்டு எது தெரியும்ல? 'தம்பிப் பாப்பா தாடி தாயே'. குழந்தை அம்மன்கிட்ட விளையாடத் தம்பி கேக்குற மாதிரி. வரி நான் எழுதுனதுதான். அதுல ரெண்டாவது தடவை 'தாடி தாயே'ன்னு இழுக்கணும். இழுத்தா. இழுத்துக்கிட்டே இருந்தவ நடுவுல 'ம்ம்ஹ்ஹ்'னு ஒரு சத்தம் விட்டா. அடிவயித்துல இருந்து. எனக்குப் பகீர்னு ஆயிப் போச்சு, டேக்கு போச்சேன்னு. ஆனா பாருங்க தம்பி, அவ நிறுத்தலை. சுவத்து மெத்தையைப் பிடிச்சுக்கிட்டு மிச்ச வரியைப் பாடி முடிச்சுட்டுத்தான் கீழ சரிஞ்சா. அதைச் சொல்லணும்ல. தொழில்னா அப்படி இருக்கணும்.

நான் ஓடிப் போய் மொதல்ல மிசினை நிறுத்துனேன். இல்லைன்னா விழுந்த சத்தமும் ஏறியிருக்கும்.

தரையைப் பாத்துட்டு ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். நானேதான் தூக்கிட்டுப் போனேன், இல்லைங்கலை. தங்கலை. ஆம்பளைப் புள்ளையாம். இனிமேலும் தங்குறது கஷ்டம்னு அந்த டாக்டரம்மா சொல்லிட்டுப் போயிருச்சு. என் மாமியா வந்து ஆஸ்பத்திரி வாசல்ல மண்ணை வாரித் தூத்துனா, என்னாலதானாம். காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்துச்சுன்னா காக்கா மேல கேஸ் போடுவீங்களா? விழுற பழம் விழத்தான் செய்யும்.

என் கவலை எல்லாம் அந்த எட்டாவது பாட்டு. மறுபடி எடுக்கணும்னா அவ ஆஸ்பத்திரியில கிடக்கா. ஆடி நெருங்குது. என்ன செய்யிறதுன்னு தலையில கையை வச்சு உக்காந்தவன், சரி, ஓட விட்டுத்தான் கேப்போமேன்னு சரியான வேகத்துல ஓட விட்டேன். தம்பி! அந்த இடம் வந்துச்சு பாருங்க! 'ம்ம்ஹும்'னு குழந்தை செல்லமாச் சிணுங்குது! தம்பி குடு, தம்பி குடுன்னு அம்மன் முந்தானையைப் பிடிச்சு இழுக்குற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. ஆத்தாளே வந்து போட்டுக் குடுத்த மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு நான் அழுதேன் தம்பி. பொய் சொல்லலை, சந்தோசத்துல அழுதேன்.

ஏன் தம்பி காப்பியைக் கீழ வச்சுட்டீங்க? ஆறிப் போச்சா? சூடு பண்ணித் தரச் சொல்லவா? வேண்டாமா? சரி.

அந்தச் சிணுங்கல்தான் வித்துச்சு. ரேணுகாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டி விட்டுக் கொட்டகை கொட்டகையாக் கூட்டிட்டுப் போனேன். கேசட்டு பின்னாடி ஓடும், அது மைக்கு முன்னாடி நின்னு வாயசைக்கும். அந்த இடம் வர்றப்பத் தோளைக் குலுக்கணும்னு பழக்கி வச்சிருந்தேன், குலுக்கும். சனம் கன்னத்துல போட்டுக்கும். புள்ளை இல்லாத பொம்பளைக எல்லாம் அந்தப் பாட்டைப் போட்டு விட்டுட்டுத்தான் கோயில்ல தொட்டில் கட்டுவாங்க. பலிச்சுருச்சுன்னும் வந்தாங்க. பொறந்த புள்ளைக்குத் தேன்மலர்னு பேரு வச்சவங்களே எத்தனை பேரு!

சாத்தூர்ல இருந்து ஒரு குடும்பம் வந்துச்சு, மாமியா, மருமக, கையில பச்சைக் குழந்தை. கொண்டாந்து ரேணுகா காலடியில போட்டு எடுத்தாங்க. இவ காப்பி கொண்டு வந்தவ, குழந்தையைப் பாத்ததும் டம்ளரை வச்சுட்டுக் கையை நீட்டிட்டா. அந்தக் கிழவி பட்டுன்னு சொல்லுச்சு, "நீ தொடாதம்மா, தப்பா எடுத்துக்காத, வேண்டிப் பெத்த புள்ளை"ன்னு. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல தம்பி? புள்ளை தங்காதவ கை. நான் கூட "ஏய், தள்ளி நில்லு"ன்னுதான் சொன்னேன்.

அவங்க போனப்புறம் வந்து நின்னா. "நான்தான் பாடுனேன்னு ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லிக்கிறட்டுமாங்க? அந்தப் புள்ளையைப் பெத்தவகிட்ட மட்டும். அவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா"ன்னா. நல்ல கதையா இருக்கே! தெய்வக் குழந்தைன்னு சொல்லி வித்திருக்கேன். தெரிஞ்சா சனம் கடையைக் கொளுத்திராதா? "வாயைத் திறந்த, ரெண்டு பேரும் ஜெயில்ல களிதான் திங்கணும்"னேன். அதோட விட்டுட்டா.

ஆனா எனக்கு அப்பத்தான் பயம் வந்துச்சு. இவ பாட்டுல வரி முடியிற இடத்துல குரலை ஒரு சுழி சுழிப்பா. அது பொறவிச் சுழி, வேகத்தைக் கூட்டுனாலும் போகாது. அடுப்படியில இவ முணுமுணுக்குறதைப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டா முடிஞ்சுச்சு. அன்னைக்கே சொல்லிட்டேன், இனிமே பாட்டுங்கிறதே கிடையாதுன்னு. கல்யாண வீட்டுல நலங்கு பாடக் கூப்பிட்டாலும் தொண்டை கட்டிருக்குன்னு சொல்லிரணும். தாலாட்டுக்குத்தான் அவசியமே இல்லாமப் போச்சு.

ஒண்ணு சொல்லணும் தம்பி, சொன்ன சொல்லைத் தட்ட மாட்டா. அவ ஆத்தா செத்தப்ப ஊரே ஒப்பாரி வைக்குது, பெத்த மக இவ வாயைத் திறக்கணும்ல? ஒப்பாரியில சுழி நல்லாத் தெரியும். ஒரு பார்வை பாத்தேன். அம்புட்டுத்தான். முந்தானையைச் சுருட்டி வாயில திணிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. பொணம் எடுக்குற வரைக்கும் ஒரு சத்தம் வரலை. "கல்நெஞ்சுக்காரி, பெத்தவளுக்கு ஒரு சொட்டுச் சத்தம் இல்லை"ன்னு அவ சித்தி பெரியம்மா எல்லாம் காறித் துப்பிட்டுப் போனாங்க. இப்படி ஒருத்தி யாருக்குக் கிடைப்பா?

அப்புறம் என்ன, சீடி வந்துச்சு, எல்லாம் படுத்துச்சு. ரேணுகா பெரிய மனுசி ஆயிருச்சு. தெய்வக் குழந்தை எத்தனை நாளைக்குத்தான் குழந்தையாவே இருக்கும்? கடையை மூடிட்டேன். இவளும் அப்படியே இருந்து பழகிட்டா. இப்பப் பாடச் சொன்னாலும் வராது. நாலு வார்த்தை பேசுறதே அபூர்வம்.

என்ன, அவங்களைப் பாக்கணுமா? யாரை? இவளையா?

என்ன தம்பி நீங்க, இம்புட்டு நேரம் யாரைப் பாத்தீங்க? காப்பி கொண்டாந்து வச்சாளே. நீங்க நிமிந்து பாக்கலை, மிசினைத் தடவிக்கிட்டு இருந்தீங்க. அதுக்கு நான் என்ன பண்ண?

அவ பேரைப் போடணுமா? அட்டையிலயா? தம்பி, கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. பாடுனவ பாடுனா. கொட்டுற மழை கொட்டத்தான் செய்யும், அதைக் குளம் வெட்டித் தேக்குனவன் யாரு? திருகாணியைத் திருகுனது யாரு? அவ பாடுன மாதிரி பாட ஊருக்கு நாலு பேரு இருக்காளுக. மூணு கட்டை ஏத்துன மூளை யாருக்கு இருந்துச்சு? அவளுக்கே அதெல்லாம் நினைப்பு கிடையாது. தன் குரலை அவ வேகமா ஓடித்தான் கேட்டிருக்கா, குழந்தைக் குரலாத்தான் தெரியும். இந்த மிசின்ல வர்ற குரலைக் கேட்டா யாருன்னே தெரியாது அவளுக்கு. நம்ப மாட்டேங்கிறீங்களா? போட்டுருவோமா? உங்க மிசின்லயே போடுங்க. பெல்ட்டை மாத்த வேண்டாம், தொய்ஞ்சதோடயே ஓடட்டும். ரெண்டாவது பக்கம். அதைத் திருப்பிப் போடுங்க. சத்தம் வையுங்க, இன்னும் வையுங்க, பின்கட்டு வரைக்கும் போகட்டும்.

ம், வருது. எட்டாவது பாட்டு.

நல்லாத்தான் இருக்கு, இல்ல? நானே இந்த வேகத்துல அன்னைக்குக் கேட்டதோட சரி. கனமான குரல்தான். பாத்திரச் சத்தம் நின்னுருச்சு பாத்தீங்களா? வர்றா, வர்றா. தம்பி, நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சும்மா வேடிக்கை மட்டும் பாருங்க.

என்னடி? என்ன இங்க வந்து நிக்கிற? என்னது? யாரு பாடுறதுன்னா? யாரோ ஒரு பொம்பளை. வெளியூர்க்காரி. தம்பி மெட்ராஸ்ல இருந்து கொண்டாந்திருக்காரு.

பாத்தீங்களா தம்பி? நான் என்ன சொன்னேன்!

நில்லு, நில்லு, வந்துட்டேல்ல, கேட்டுட்டுப் போ. கை ஈரத்தை முந்தானையில துடை, தரையெல்லாம் சொட்டுது. வாசப்படியைப் பிடிச்சுக்கிட்டு என்ன நிப்பு இது? தம்பி, இந்தா வரப் போகுது, அந்த இடம். 'தாடி தாயே'... ஒரு தடவை... இந்தா, ரெண்டாவது...

ம்! கேட்டீங்கள்ல? சரியா விழுந்துச்சுல்ல? நிறுத்திருங்க, போதும்.

என்னடி கேக்குற? உசுரோட இருக்காளாவா? அந்தப் பொம்பளையா? எனக்கென்ன தெரியும்? பழைய பாட்டு, எந்தக் காலத்து ஆளோ. செத்திருப்பா. போ, போய்ச் சோலியைப் பாரு.

என்ன முணங்குற? போறவ திரும்பி நின்னு என்ன முணங்குறங்கிறேன். சத்தமாத்தான் சொல்லேன், தம்பிக்கும் கேக்கட்டும்.

என்னது?

கேட்டீங்களா தம்பி என்ன சொல்லிட்டுப் போறான்னு? "அந்தப் புள்ளையைக் கொஞ்சம் உக்காரச் சொல்லியிருக்கலாம்"ங்கிறா!

பாட்டைக் கேட்டா நல்லாருக்கு, நல்லாயில்லைன்னு சொல்லணும். இவ உக்காரு எந்திரிங்கிறா. இதுதான் தம்பி இவளோட ஞானம். தன் குரலே தனக்குத் தெரியலை, இவ பேரை அட்டையில போடணுமாம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? இப்பச் சொல்லுங்க, யாரு பேரைப் போடுவீங்க? நல்லாப் பெருசாப் போடுங்க, குருபாதம்னு. படம் வேணும்னா நான் சட்டையை மாத்திட்டு வந்துர்றேன்.

அட, நீங்க எதுக்குத் தம்பி எந்திரிச்சு நிக்கிறீங்க? எம்புட்டு நேரம் நிப்பீங்க, கால் வலிக்காதா? உக்காருங்க. உக்காருங்கங்கிறேன்ல.